ஒரே போன், ஆறு கட்டுரை

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற இங்கிலீஷ் டீச்சர்களுக்கு ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்கன்னு கேட்டீங்க. ரெண்டு வார்த்தையோட நிறுத்துற ஆள் நான் இல்லைன்னு இந்தப் போடிநாயக்கனூருக்கே தெரியும். போதாக்குறைக்கு, நல்லதா நாலு அறிவுரை வேணும்னு வேற கேட்டிருக்கீங்க. அறிவுரையெல்லாம் என்கிட்ட இல்லை. கோபம்தான் இருக்கு. ரிட்டயர் ஆகியும் அது ஆறலை. எதனால வந்த கோபம்னு சொல்றேன், உபயோகப்பட்டா எடுத்துக்குங்க.

எழுத்துப் பயிற்சி வெப்சைட் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்தப்ப நான் மல்லுக்கு நின்னேன்னு ஒரு பேச்சு இங்க சுத்திக்கிட்டு இருக்கு. சுத்தப் பொய். முதல்ல கைதட்டினவளே நான்தான். பிள்ளை ஒரு பத்தி டைப் அடிக்கும், தப்பு இருக்கிற இடத்துல சிவப்புக் கோடு விழும், ஏன் தப்புன்னு ஒரு வரி வரும், கடைசியில மார்க் வரும். இதுல எதிர்க்க என்ன இருக்கு? நான் சிவப்பு மைப் பேனாவோட பக்கத்துல போய் நின்னா நோட்டைக் கையால மறைக்கிற பிள்ளைக, போனை மறைக்கலை. மெஷின் மூஞ்சியைச் சுளிக்காதுல்ல. "பன்னெண்டாவது வந்தும் இது தெரியலையா"ன்னு கேக்காதுல்ல. வகுப்புல வாயே திறக்காத பிள்ளைக ஒரு பக்கம் முழுக்க அடிச்சு அனுப்புச்சுக. அதைப் பாத்து எனக்குச் சந்தோசம் தாங்கலை.

என் சண்டை மெஷினோட இல்லை. அது சொன்னதைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்ன மனுசங்களோட.

நான் ரிட்டயர் ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது. பன்னெண்டாம் வகுப்புல பவித்ரான்னு ஒரு பிள்ளை. வீடு மேல, போடிமெட்டு தாண்டி கேரளா பக்கத்துல ஒரு ஏலக்காய் எஸ்டேட் லயத்துல, கூலிக்காரங்க குடியிருக்கிற வரிசை வீட்டுல. அப்பனுக்கு முதுகுல அடிபட்டு வேலைக்குப் போக முடியாது. அம்மா காய் எடுக்குற கூலியிலதான் குடும்பம் ஓடுச்சு. அதே எஸ்டேட்டுல இருந்து இன்னும் அஞ்சு பிள்ளைக அவ வகுப்புலயே படிச்சாங்க. ஆறு பேரும் நம்ம ஹாஸ்டல்ல தங்கி, வாரக் கடைசியில ஜீப்பு பிடிச்சு மலைக்குப் போவாங்க.

மதுரையில ஒரு அறக்கட்டளை பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையைக் கேட்டிருந்துச்சு. நல்லா எழுதுற பிள்ளையா இருக்கணும். காலேஜ் பீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. நான் கண்ணை மூடிக்கிட்டு பவித்ரா பேரைச் சொன்னேன். அந்த இடம் கெடச்சா அவ காலேஜுக்குப் போவா. கெடைக்காட்டி, பரீட்சை முடிஞ்ச மறுவாரம் அம்மாகூட ஏலக்காட்டுக்குப் போவா. நடுவுல வேற வழியே கிடையாது, அது அவளுக்கும் தெரியும்.

பேர் அனுப்ப திங்கட்கிழமைதான் கடைசி. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எச்.எம். என்னைக் கூப்பிட்டாங்க. நல்ல மனுசிதான், ஆனா தாளாளர் தும்மினா இவங்களுக்குச் சளி பிடிக்கும். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாங்க. வெப்சைட்டு ரிப்போர்ட் குடுத்திருக்கு. ஆறு பேரோட கட்டுரையும் ஒரே போன்ல இருந்து, ஒரே ஆள் கணக்குல இருந்து, வரிசையா வந்திருக்கு. எழுத்து நடையும் ஒத்துப்போகுது. ஆக, ஆறையும் எழுதினது ஒரே ஆள்.

"பவித்ராதான் டீச்சர். எல்லாருக்கும் எழுதிக் குடுத்திருக்கா."

"அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'எழுதலை மிஸ், டைப் அடிச்சேன்'ங்கிறா. ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

எனக்குச் சுள்ளுன்னு ஏறிச்சு. ரெண்டும் ஒண்ணா? ஆபீஸ்ல டைப் அடிக்கிறவங்கதான் ஆர்டர் போடுறாங்களா? ஆனா வாயை மூடிக்கிட்டேன். கோபம் வர்ற நேரத்துல கையில விவரம் இல்லைன்னா கோபம் வீண். சனிக்கிழமை காலையில மலைக்குப் போற லேபர் ஜீப்பு நிக்கிற இடத்துக்குப் போயிட்டேன்.

டிரைவர் என்னைப் பாத்துத் திகைச்சுட்டாரு. "டீச்சரம்மா, இந்தக் கூட்டத்துல நீங்க எங்க?"

"நானும் ஒரு லோடுதான்ணே, ஏத்து."

அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற ஆரம்பிச்சதும் ஜீப்புக்குள்ள இருந்த பொம்பளைக எல்லாம் எனக்கு இடம் விட்டு ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்தாங்க. வளைவுக்கு வளைவு என் முழங்கால் யார் மேலயாவது இடிச்சுது. ஒருத்தரும் முகம் சுளிக்கலை. மெட்டுல பனி மூட்டம், பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியலை. எஸ்டேட் போய்ச் சேர்றப்ப சாரல் பிடிச்சிருந்துச்சு.

லயத்துல சிக்னல் கிடையாது. காய் உலர்த்துற கட்டடத்தை அங்க ஸ்டோர்னு சொல்லுவாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு சரிவுலதான் கொஞ்சம் கிடைக்கும். அங்க ஆறு பேரும் இருந்தாங்க. ஒருத்தி குடை பிடிக்கிறா. பவித்ரா கல்லு மேல உக்காந்து போனை வச்சிருக்கா. இன்னொருத்தி எழுதி வச்ச தாளைப் பாத்துச் சத்தமா வாசிக்கிறா. தலைப்பு அந்த வாரத்துக்கு நான் புதுசாக் குடுத்ததுதான், 'மறக்க முடியாத நாள்'. இவ எழுதியிருந்தது லயத்துக்குக் கரண்டு வந்த நாளைப் பத்தி. நான் ஸ்டோர் சுவர் ஓரமா நின்னு கேட்டேன். ஒட்டுக் கேட்டீங்களான்னா, ஆமா, கேட்டேன். கட்டுரை இங்கிலீஷ்தான், அதுல வர்ற வார்த்தையை உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன்.

"ஏய், ஏன்டி மாத்துற? எங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னு சொன்னேன்ல. மகிழ்ச்சி அடைந்தாங்கன்னு போடுற."

"நான் போடலடி, போன் போடுது. அதுதான் நல்லதாம். மார்க் கூட வரும்."

"போனுக்கு எங்கம்மாவைத் தெரியுமா? நான் சொன்னதைப் போடு."

போட்டா. சிவப்புக் கோடு விழுந்துச்சு போல, "மார்க் குறையுதுடி"ன்னு பவித்ரா சொன்னா. "குறையட்டும்"னுட்டா அவ. ஆறு பேர் நடையும் ஏன் ஒத்துப்போச்சுன்னும் அப்பத்தான் புரிஞ்சுது, எல்லாரோடதையும் திருத்துறது அந்த ஒரே போன்.

நானும் எத்தனையோ வருசம் கட்டுரை திருத்தியிருக்கேன். டவுன்ல சொந்த போன், டியூஷன் சார், பக்கத்துல அண்ணன் அக்கான்னு வச்சுக்கிட்டு எழுதின கட்டுரையில எல்லாம் அம்மாமார் மகிழ்ச்சிதான் அடைஞ்சாங்க. அதுக்கெல்லாம் மெஷின் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு போட்டுச்சு. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லலை. ஆனா எது யாரோட எழுத்துன்னு கேள்வி வந்தா, அந்தச் சாரல்ல நின்ன எனக்குப் பதில் தெரியும்.

குரல் குடுத்தேன். ஆறும் பதறி எந்திரிச்சுதுக. ஏன் எல்லாத்தையும் ஒரே கணக்குல அனுப்புறீங்கன்னு கேட்டேன். "ஒவ்வொருத்தியா வெளிய வந்து மறுபடி உள்ள போறதுக்குள்ள சிக்னல் போயிரும் மிஸ். அதான் கட்டுரைக்கு மேல அவங்கவங்க பேரைப் போட்டுட்டு என் கணக்குலயே அனுப்புறோம்"னா பவித்ரா. ஹாஸ்டல்ல ஏன் செய்யலை? ஹாஸ்டல்ல போன் வச்சுக்கக் கூடாதுன்னு நாமதான் விதி போட்டிருக்கோம்! வீட்டுப்பாடத்தை ஆன்லைன்ல அனுப்புன்னும் நாமதான் சொல்லியிருக்கோம். இந்த ரெண்டு உத்தரவுக்கும் நடுவுல ஆறு பிள்ளைக ஒரு குடையைப் பிடிச்சு வழி கண்டுபிடிச்சிருக்குக. அதுக்கு நாம வச்ச பேரு திருட்டு.

திங்கட்கிழமை பவித்ராவோட அம்மாவை வரச் சொல்லியிருந்தாங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு இறங்கி வந்திருந்தாங்க, பாவம். எச்.எம். அறையில தாளாளர் உக்காந்திருந்தாரு. ஏலக்காய் வியாபாரக் குடும்பம், பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக் குடுத்தவர்தான், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவர் ஒரு முடிவோட வந்திருந்தாரு.

"நான் கல் மனசுக்காரன் இல்லை டீச்சர். பொண்ணு படிக்கட்டும். அஞ்சு பேருக்கும் நான்தான் எழுதிக் குடுத்தேன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பேரை அனுப்பிருவோம். அந்த அஞ்சு பேருக்கு மட்டும் இன்டர்னல் மார்க் கிடையாது."

எச்.எம். பெருமூச்சு விட்டாங்க, பிரச்னை தீர்ந்துச்சுன்னு. பேப்பரையும் பேனாவையும் நகர்த்தி வச்சாங்க. அந்தம்மா மக தோளைத் தொட்டாங்க. "எழுதிக் குடுத்துரு ஆத்தா. வெரசா முடிச்சுட்டுப் போவோம். நமக்கெதுக்குப் பெரிய இடத்துப் பொல்லாப்பு."

"நான் எழுதலையேம்மா. எழுதினேன்னு சொன்னா அவளுகளுக்கு மார்க் போயிரும்மா."

"உனக்குப் படிப்பு போயிருமேடி!"

 பிள்ளை என்னைப் பாத்தா.

நீங்க நல்லாக் கேட்டுக்க வேண்டிய இடம் இதுதான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஒரு சத்தம் போட்டு அந்தப் பேப்பரைக் கிழிச்சு எறிஞ்சிருப்பேன். எனக்கு அதுல என்ன நட்டம்? கொஞ்ச நாள்ல பென்ஷன் வாங்கிட்டுப் போகப் போறவ. தாளாளர் முறுக்கிக்கிட்டா இடம் போறது அவளுக்கு. என் வீம்புக்கு அவ படிப்பைப் பணயம் வைக்க நான் யாரு? அதனால அவகிட்டயே கேட்டேன். எல்லார் முன்னாடியும் கேட்டேன்.

"தாயி, நான் பேசவா? பேசினா இந்த இடம் போனாலும் போயிரும். கையெழுத்துப் போட்டா கெடைக்கும். போட்டாலும் நான் உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்."

அவ அம்மாவைப் பாத்தா. அந்தம்மா கண்ணு கலங்கிப் போய் நின்னாங்க, ஆனா வேண்டாம்னு சொல்லலை.

"பேசுங்க மிஸ்"னா.

அப்புறம் நான் விடலை. மலையில பாத்ததை முழுசாச் சொன்னேன். தாளாளர் பொறுமையாக் கேட்டுட்டு, "டீச்சர், நீங்க பாசத்துல பேசுறீங்க. மெஷினுக்குப் பாசம் கிடையாது. பொய் சொல்லுமா அது?"ன்னாரு. "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எதுக்கு இந்தப் பேச்சு"ன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்கிட்டாரு. அதுதான் அவர் செஞ்ச தப்பு. சும்மா இருந்திருந்தா நான் கெஞ்சியாவது பாத்திருப்பேன்.

"நீங்க ஏலத்துக்குப் போறீங்களே சார், சல்லடை பெரிய காய்னு சொல்லிருச்சுன்னு அப்படியே வாங்கிருவீங்களா? கையில எடுத்து உரிச்சுப் பாக்க மாட்டீங்க?"

"அது வேற டீச்சர்."

"வேற இல்லை. சரி, மெஷினையே கேப்போம்."

அலமாரியில இருந்து பள்ளி ஆண்டு மலரை எடுத்தேன். முன்னாடி இங்கிலீஷ்ல தாளாளர் உரை. அடுத்த பக்கம் தலைமையாசிரியர் அறிக்கை. ரெண்டையும் வருசா வருசம் எழுதுறது யாருன்னு அந்த அறையில நிக்கிற நாற்காலிக்குக்கூடத் தெரியும். ஆமா, நான்தான். கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன், அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லை. எச்.எம். கம்ப்யூட்டர்ல அந்த வெப்சைட்டைத் திறந்து, ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் டைப் அடிச்சேன். எச்.எம். முகம் வெளுக்குது. "டீச்சர், வேணாமே"ங்கிறாங்க. வேணும்ங்க.

மெஷின் கொஞ்ச நேரம் சுத்திட்டுச் சொல்லுச்சு: ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்.

"பாத்தீங்களா சார், பொய் சொல்லலை. இப்ப நீங்க எனக்கு மன்னிப்புக் கடிதம் குடுக்கணுமா, நான் உங்களுக்குக் குடுக்கணுமா?"

பவித்ரா வாயைப் பொத்திக்கிட்டா. எச்.எம். மேசையைப் பாத்தாங்க. நான் நிறுத்தலை. "உங்களுக்கு நான் எழுதிக் குடுத்தேன். இவ அவளுகளுக்கு டைப் அடிச்சுக் குடுத்தா. ரெண்டுக்கும் மெஷின் ஒரே பதிலைத்தான் சொல்லுது. அதால அவ்வளவுதான் பாக்க முடியும், அதைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. மிச்சத்தைப் போய்ப் பாக்குறதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம்."

தாளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. சந்தோசச் சிரிப்பு இல்லை, மாட்டிக்கிட்டவன் சிரிப்பு. "சரி. கடிதம் வேணாம். அஞ்சு பேருக்கும் மார்க்கைப் போடுங்க. இவ பேரை அனுப்புங்க"ன்னாரு. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் நாற்காலியில உக்காந்துட்டேன்.

எச்.எம். அறக்கட்டளை வெப்சைட்டைத் திறந்தாங்க. பேர், மார்க்கு எல்லாம் போட்டாச்சு. கடைசியில ஒரு கட்டம், 'மாணவியைப் பற்றிப் பள்ளி நிர்வாகியின் கருத்து'. தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எழுதலாம்.

"டீச்சர், வழக்கம்போல நாலு வரி போட்டுருங்க"ன்னாரு தாளாளர்.

"மாட்டேன் சார்."

எச்.எம்.முக்கு உசுரே போயிருச்சு. தாளாளர் என்னை முறைச்சுட்டு பவித்ரா பக்கம் திரும்பினாரு. "நீதான் பெரிய எழுத்துக்காரியாமே. நீயே உன்னைப் பத்தி நல்லா எழுதிக்க. என் பேரைப் போட்டு அனுப்பிருவோம்."

அந்தம்மா "எழுது ஆத்தா, எழுது"ன்னு தள்ளுறாங்க. எச்.எம். எந்திரிச்சு இடம் விட்டாங்க. அந்த நாலு வரியைப் போட்டு அனுப்பிட்டா அவ பேர் மதுரைக்குப் போயிரும். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோம். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

பிள்ளை கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்தா. விசைப் பலகையில கையை வச்சா. திரும்பி அவரைப் பாத்தா.

"நான் யாருக்கும் எழுதிக் குடுக்கிறது இல்லை சார். நீங்க சொல்லுங்க, டைப் அடிச்சுத் தர்றேன்."

 கையில வந்ததை இப்படி விட்டுட்டாளேன்னு நினைச்சேன். அவளுக்காக நான் அவ்வளவு பேசினேன், எனக்கே அந்தத் தைரியம் வந்திருக்குமான்னு தெரியலை. அந்தம்மா தலையில கை வச்சுக்கிட்டாங்க. 

தாளாளர் அவளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் நாற்காலியை இழுத்து அவ பக்கத்துல போட்டுக்கிட்டாரு.

"தமிழ்ல சொல்லலாமாம்மா?"

"சொல்லுங்க சார்."

தொண்டையைச் செருமினாரு. வருசா வருசம் மேடையில என் இங்கிலீஷைக் கணீர்னு வாசிக்கிற மனுசன், இப்ப ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. அவ ஒண்ணையும் கூட்டலை, ஒண்ணையும் குறைக்கலை, அப்படியே அடிச்சா.

"இந்தப் பொண்ணு பேரு பவித்ரா. நல்லா எழுதுறான்னு டீச்சர் சொல்றாங்க. அது எனக்குத் தெரியாது, நான் படிச்சுப் பாக்கலை. ஆனா தப்பு செஞ்சேன்னு ஒத்துக்கிட்டா பேரை அனுப்புறேன்னேன். செய்யாததை ஒத்துக்க மாட்டேன்னுட்டா. இதை எழுதித் தான்னு கேட்டேன். அதுக்கும் மாட்டேன்னுட்டா. என்கிட்ட இதுவரைக்கும் இப்படி யாரும் சொன்னதில்லை. இவளைச் சேத்துக்கங்க."

எச்.எம். மெதுவாக் கேட்டாங்க, "சார், கொஞ்சம் திருத்தி, நல்ல தமிழ்ல..."

"ஒரு எழுத்தைத் தொடாதீங்க"ன்னாரு.

அப்படியே அனுப்பினோம். இடம் கெடச்சுச்சு. பவித்ரா இப்ப மதுரையில படிக்கிறா.